பெந்தோங் கடைவீட்டில் பிடிபட்ட கொசு

1966 ஜூலையில் மலேசியாவின் பெந்தோங் பட்டணத்துக் கடைவீடுகளில் சிலர் கொசு பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்த ஏடிஸ் ஈஜிப்டி கொசுக்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, அரைத்து, சோதித்தபோது ஒரு தொகுதியில் ஸிக்கா வைரஸ் இருந்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே ஸிக்கா வைரஸைப் பிரித்தெடுத்தது அதுவே முதல் முறை. வீட்டுக்குள் மனிதரோடு வாழும் ஏடிஸ் ஈஜிப்டி அதைச் சுமக்கிறது என்பதற்கு இயற்கையில் கிடைத்த முதல் சான்றும் அதுதான். மார்ச்செட், கார்சியா, ருட்னிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1969இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்த வைரஸுக்கு அவர்கள் இட்ட அடையாளம் பி6-740. அரை நூற்றாண்டு கழித்துப் பிரேசிலில் ஸிக்காவால் குழந்தைகள் சிறுத்த தலையோடு பிறக்கத் தொடங்கியபோது, உலகத்து ஆய்வுக்கூடங்கள் தேடி எடுத்த பழைய மாதிரிகளில் பி6-740 முக்கியமானது. ஸிக்காவின் ஆசியக் கிளைக்குக் கையில் இருந்த மிகப் பழைய சான்று அது.

நான் வசிப்பது பெந்தோங் மாவட்டத்தின் காராக்கில். சுற்றிலும் தோட்டங்கள். முன்பு ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. இந்தச் செய்தியை எங்கள் ஊரில் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். ஸிக்கா என்றால் பிரேசில் என்றுதான் எல்லார் மனத்திலும் படிந்திருக்கிறது. நண்பர் ஒருவர், "நம் ஊருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தராதே" என்று கோபித்துக்கொண்டார். எனக்கு இதில் இழிவு எதுவும் தெரியவில்லை. இங்கே தேடினார்கள், கிடைத்தது. தேடாத ஊர்களில் கிடைக்கவில்லை. அதனால் அங்கெல்லாம் அது இல்லாமல் இருந்தது என்று ஆகிவிடாது.

என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். நான் பொதுச் சுகாதாரப் பணியில் பூச்சியியல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். கொசு பிடிப்பது, புழு அள்ளுவது, நுண்ணோக்கியின் கீழ் இனம் பிரிப்பது, எழுதி வைப்பது: இதுதான் என் தொழில். இரவில் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, கைவிளக்கோடு வாசலில் உட்கார்ந்திருப்போம். கொசு காலில் இறங்கியதும் கண்ணாடிக் குழாயால் மூடிப் பஞ்சு அடைத்துவிட வேண்டும். மறுநாள் குளிரூட்டி மயக்கிய கொசுக்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்போம். முதுகின் நடுவே ஒற்றை வெள்ளைக் கோடு இருந்தால் ஏடிஸ் அல்போபிக்டஸ், தோட்டத்துக் கொசு. இரு புறமும் வளைந்த கோடுகள் இருந்தால் ஏடிஸ் ஈஜிப்டி, பட்டணத்துக் கொசு. முதுகின் முன்பாதியில் வெள்ளைச் செதில் படர்ந்திருந்தால் கியூலெக்ஸ் ஜெலிடஸ். உறிஞ்சியில் வெளிறிய வளையம் இருந்து, உடல் சிறுத்துக் கறுத்திருந்தால் பெரும்பாலும் கியூலெக்ஸ் டிரைட்டேனியோரிங்கஸ், வயல்வெளியில் பெருகுவது. உலகில் சுமார் 3,500 கொசு இனங்கள் உண்டு. மலேசியாவில் மட்டும் 400க்கு மேல். ஒவ்வொன்றுக்கும் தனி நீர், தனி நேரம், தனி இரத்தம். பறவையை மட்டும் நாடுவது உண்டு, தவளையை நாடுவது உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் பொதுவாகக் 'கொசு' என்று பேசினால் எந்த வைரஸைப் பற்றியும் சரியாகப் பேச முடியாது.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் அக்காளின் பேத்தி. ஆறாம் படிவத்தில் உயிரியல் படிக்கிறாள். "ஒரு கொசுவுக்குள் எத்தனை வைரஸ் இருக்கும், தாத்தா?" என்று கேட்டாள். டிங்கி, சிக்குன்குனியா, ஸிக்கா என்று மூன்று பெயர் சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்வி இல்லை இது.

கொசு வைரஸைச் சுமக்கும் என்று மனிதர் உறுதியாக அறிந்து நூறாண்டுக்குச் சற்று அதிகம் ஆகிறது. மஞ்சள் காய்ச்சலைக் கொசுதான் பரப்புகிறது என்று 1881இலேயே கியூபாவின் கார்லோஸ் ஃபின்லே சொன்னார். நெடுநாள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1900இல் வால்டர் ரீட் தலைமையிலான குழு அதே கியூபாவில் அதை மெய்ப்பித்தது. அந்த முயற்சியில் குழுவைச் சேர்ந்த ஜெஸ்ஸி லஸியர் என்ற மருத்துவர் உயிரை இழந்தார். நோயாளியின் இரத்த நீரைப் பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்த பிறகும் அது நோயைத் தந்தது. மனிதரைத் தாக்கும் வைரஸ் ஒன்று இருப்பது அப்படித்தான் முதலில் தெரிந்தது. டிங்கி வைரஸைப் பிரித்தெடுக்க 1943வரை ஆயிற்று. நாகசாகியில் கிமுரா, ஹோட்டா இருவரும், அடுத்து அமெரிக்கப் படைவீரர்களின் இரத்தத்திலிருந்து ஆல்பர்ட் சேபினும் அதைச் செய்தார்கள். மூன்றாவது, நான்காவது டிங்கி வகைகள் 1956இல் மணிலாவில் கிடைத்தன.

அக்காலத்து முறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த வைரஸ் கண்ணில் படும், எது படாது என்பதை அந்த முறையே தீர்மானித்தது. ஒரே இனத்துக் கொசுக்களை ஒன்றாகச் சேர்த்து அரைப்பார்கள். தெளிந்த நீரைப் பால்குடி மறவாத எலிக்குஞ்சின் மூளைக்குள் ஊசியால் செலுத்துவார்கள். குஞ்சு நோயுற்றால் அதன் மூளையை எடுத்து அடுத்த குஞ்சுக்குச் செலுத்துவார்கள். திரும்பத் திரும்ப நோய் வந்தால் உள்ளே வைரஸ் இருக்கிறது என்று பொருள். பெரிய கண் வலையை வீசினால் பெரிய மீன்தானே அகப்படும்? எலியின் மூளையில் வளரக்கூடிய வைரஸ்கள் மட்டும் சிக்கின. மற்றவை இருந்தும் இல்லாதவையாகவே போயின.

எந்த ஊரில் ஆய்வுக்கூடம் இருந்ததோ அந்த ஊரின் பெயர்தான் பட்டியலில் ஏறியது என்பது இன்னொரு விஷயம். ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1936இல் உகாண்டாவின் என்டெபேயில் மஞ்சள் காய்ச்சல் ஆய்வு நிலையம் தொடங்கியது. அடுத்த ஆண்டே அந்நாட்டின் மேற்கு நைல் பகுதியில் ஒரு பெண்ணின் இரத்தத்தில் மேற்கு நைல் வைரஸ் கிடைத்தது. 1947இல் ஸிக்கா என்ற காட்டில் மரத்தின் மேல் கூண்டில் வைத்திருந்த குரங்கு ஒன்றுக்குக் காய்ச்சல் கண்டது. 766 என்று எண் இடப்பட்ட குரங்கு. அதன் இரத்தத்தில் ஸிக்கா வைரஸ் கிடைத்தது. மறு ஆண்டு அதே காட்டின் ஏடிஸ் ஆஃப்ரிக்கானஸ் கொசுவிலும் கிடைத்தது. இரண்டு முறையும் அவர்கள் தேடியது மஞ்சள் காய்ச்சலை. 1950களில் புனேயிலும், டிரினிடாட்டிலும், பிரேசிலின் பெலேமிலும் வைரஸ் நிலையங்கள் எழுந்தன; அந்தந்த வட்டாரப் பெயர்கள் வரிசையாக வந்தன. வைரஸ்களின் உலக வரைபடம் என்று நாம் பார்ப்பது பெருமளவு ஆய்வாளர்கள் நடந்த தடங்களின் வரைபடம். வெறுமையாகத் தெரியும் இடங்களைக் கண்டால் எனக்கு நிம்மதி வருவதில்லை.

மலாயா அந்த வரைபடத்தில் வெறுமையாக இல்லை. 1900இல் நிறுவப்பட்ட கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகம் இருந்ததால், வெளிநாட்டு ஆய்வாளர்கள் இங்கே வந்து தங்கினார்கள். 1955இல் கியூலெக்ஸ் ஜெலிடஸ் கொசுக்களிலிருந்து கெத்தா வைரஸையும் பத்தாய் வைரஸையும் பிரித்தார்கள். அதே ஆண்டு கோலாலம்பூரில் கியூலெக்ஸ் டிரைட்டேனியோரிங்கஸ் கொசுவிலிருந்து தெம்பூசு வைரஸ் வந்தது. 1956இல் பெபாரு. நம் மண்ணின் பெயர்களோடு நான்கு வைரஸ்கள், இரண்டே ஆண்டுகளில். அன்று அவற்றால் யாருக்கும் நோய் வந்ததாகத் தெரியாது. பெயர் வைத்து, குளிரில் பத்திரப்படுத்தி, எழுதிவைத்தார்கள்.

அந்தக் குறிப்புகள் பிற்பாடு எத்தனை பேருக்கு உதவின என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடல் சிலிர்க்கிறது. கெத்தா வைரஸ் 1978இல் ஜப்பானின் மிஹோ பயிற்சி நிலையத்தில் பந்தயக் குதிரைகளைக் காய்ச்சலிலும் கால் வீக்கத்திலும் தள்ளியது. என்ன நோய் என்று தெரியாமல் திண்டாடியவர்களுக்கு, மலாயாவில் முன்பே அடையாளம் கண்ட வைரஸ் விடையாக நின்றது. தெம்பூசு 2010இல் சீனாவின் வாத்துப் பண்ணைகளுக்குள் புகுந்தது. வாத்துகள் இரை எடுக்கவில்லை, முட்டை இடுவது திடீரென்று சரிந்தது. அதற்கு முன்பே பேராக்கின் சித்தியவானில் கோழிக்குஞ்சுகளின் மூளையைத் தாக்கிய வைரஸ் ஒன்றை 2000இல் விவரித்திருந்தார்கள். அது தெம்பூசுவின் நெருங்கிய உறவு.

பத்தாய் வைரஸின் கதை இன்னும் விசித்திரமானது. அதன் மரபுப்பொருள் மூன்று துண்டுகளாக இருக்கிறது. உறவுக்கார வைரஸ்கள் இரண்டு ஒரே செல்லுக்குள் நுழைந்தால் துண்டுகள் இடம் மாறிப் புது வைரஸ் பிறக்கலாம். 1997, 1998இல் கென்யாவிலும் சோமாலியாவிலும் இரத்தக்கசிவுக் காய்ச்சல் பரவியபோது நோயாளிகள் சிலரிடம் ங்காரி என்ற வைரஸைக் கண்டார்கள். புன்யம்வேரா என்ற ஆப்பிரிக்க வைரஸின் இரண்டு துண்டுகளும் பத்தாயின் ஒரு துண்டும் சேர்ந்து உருவானது அது. மலாயாவில் ஒரு கொசுவில் முதலில் கண்டு பெயர் சூட்டியிருக்காவிட்டால், அந்தத் துண்டின் குலத்தை அடையாளம் சொல்ல ஒப்பிடும் மாதிரி இருந்திருக்காது.

டிங்கியின் பிறப்பிடமும் நம் காடுகளோடு தொடர்புடையது. நாம் அதைப் பட்டணத்து நோய் என்று எண்ணுகிறோம். பினாங்கில் 1902 வாக்கிலேயே டிங்கியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், 1962இல் அதே பினாங்கில் இரத்தக்கசிவு டிங்கி வந்தது. ஆனால் 1950களில் கார்டன் ஸ்மித் என்ற ஆய்வாளர், காட்டு விலங்குகளின் இரத்தத்தில் டிங்கிக்கான எதிர்ப்புப் பொருள் இருப்பதைக் கண்டு, மனிதர் இல்லாமலேயே இது காட்டுக்குள் சுழல்கிறது என்று ஐயுற்றார். பெந்தோங் கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவரான ருட்னிக் அதை மெய்ப்பித்தார். மரங்களின் உச்சியில் கூண்டில் குரங்குகளை வைத்து, அவற்றின் இரத்தத்தில் டிங்கியைப் பிடித்தார். மர உச்சியில் வாழும் ஏடிஸ் நிவியஸ் கூட்டத்துக் கொசுக்கள் குரங்கிலிருந்து குரங்குக்கு அதைக் கடத்துகின்றன. இன்று கோலாலம்பூர் அடுக்குமாடியில் பரவும் டிங்கியின் முன்னோர் இப்படிப்பட்ட காட்டு வைரஸ்கள்தாம். காட்டுக் கிளையைச் சேர்ந்த டிங்கி இப்போதும் மனிதரைத் தொடும். 2008இல் மலேசிய நோயாளி ஒருவருக்கு இரத்தக்கசிவு டிங்கியைத் தந்தது அப்படி ஒரு வைரஸ். சரவாக்கில் 2007இல் எடுத்த மாதிரி ஒன்றை வைத்து ஐந்தாவது டிங்கி வகை இருக்கிறது என்று 2013இல் அறிவித்தார்கள். அது தனி வகை என்று இன்னும் பரவலாக ஏற்கப்படவில்லை.

சிக்குன்குனியாவை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2008இல் ஜொகூரில் தொடங்கி அது நாடு முழுவதும் பரவியது. என் அக்காள் அப்போது ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். காய்ச்சல் சில நாளில் இறங்கிவிட்டது. வலி இறங்கவில்லை. விடியற்காலையில் விரல்கள் மடங்காது, பால் வெட்டும் கத்தியைப் பிடிக்க முடியாது. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது என்பதால், வலது கையைச் சுடுநீரில் ஊறவைத்துக்கொண்டு நிரைக்குப் போவார். லயத்தில் வரிசையாக எல்லா வீட்டிலும் அதே நிலைமை. படியில் இறங்கும் பெண்கள் சுவரைப் பிடித்து இறங்கினார்கள். தோட்டத்துக் கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்து, வயதானால் வரும் மூட்டுவலிதான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இருபது வயதுப் பையனுக்கும் அதே பதில்.

சிக்குன்குனியாவை முதலில் அடையாளம் கண்டது 1952, 1953இல், இன்றைய தான்சானியாவின் பகுதியான தங்கனிக்காவில். மலேசியாவில் 1998, 1999இல் போர்ட் கிள்ளானிலும், 2006இல் பேராக்கின் பாகான் பஞ்சோரிலும் அது தலைகாட்டியது. ஓரிடத்தில் எழுந்து அங்கேயே அடங்கியது. 2008இல் அடங்காமல் ஓடியதற்குக் காரணம், வைரஸின் உறைப்புரதத்தில் 226ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியது. அலனின் இருந்த இடத்தில் வாலின். இந்த மாற்றத்தை 2005, 2006இல் ரெயூனியன் தீவில் கண்டார்கள். அந்த ஓர் எழுத்து மாற்றம் ஏடிஸ் அல்போபிக்டஸின் குடலுக்குள் வைரஸ் எளிதாகத் தொற்ற வழி திறந்துவிட்டது. அதுவரை ஈஜிப்டியை நம்பியிருந்த நோய், தோட்டத்துக் கொசுவின் மேல் ஏறிக்கொண்டது. ஈஜிப்டியை மட்டும் குறிவைத்துப் பட்டணத்துத் தொட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, மங்குகளில் தேங்கிய மழைநீர் கண்ணில் படவில்லை.

மங்கு என்றால் வெளியூர் வாசகர்களுக்குப் புரியாது. பால்மரத்தில் கட்டி வைக்கும் கோப்பை. மரத்தை ஓய்வுக்கு விடும்போது மங்கைக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும் என்பது பழைய தோட்ட ஒழுங்கு. என் அம்மா கடைசி மரம்வரை திரும்ப நடந்து கவிழ்ப்பார். இப்போது விலை சரிந்து கைவிடப்பட்ட சிறு தோட்டங்களில் மங்குகள் வாயைத் திறந்தபடி ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் கொசுப்புழு நெளிவதை நான் பார்த்திருக்கிறேன். ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழைக்கு அது பொரியும்.

நேர்மாறான ஒரு நிகழ்ச்சியும் நினைவுக்கு வருகிறது. 1998 இறுதியில் பேராக்கின் கிந்தா பகுதியிலும், பிறகு நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக்கிலும் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டினார்கள். அதைக் கியூலெக்ஸ் கொசு பன்றியிலிருந்து மனிதருக்குக் கொண்டுவரும்; பண்ணைகளைச் சுற்றி அந்தக் கொசுக்களும் ஏராளம். நான் அப்போது பணியில் இருந்தேன். புகை அடித்தோம், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பன்றியைத் தொட்டு வேலை செய்த வளர்ந்த ஆண்கள். ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகள் இருமிச் செத்தன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்த சுவா காவ் பிங், நோயாளியிடமிருந்து எடுத்த வைரஸ் முற்றிலும் புதியது என்று கண்டார். சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயர் அதற்கு வந்தது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் வந்த வைரஸ். கொசுவுக்கு அதில் பங்கே இல்லை. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். கொசுவின் வைரஸ்களை ஒழுங்காக அறிந்திருந்தால்தான், இது கொசுவின் வேலை இல்லை என்று சீக்கிரம் சொல்ல முடியும். இந்த இரண்டாவது பயனை யாரும் பேசுவதில்லை.

பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். 1975இல் ஸ்டொல்லர், தாமஸ் என்ற இருவர், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஏடிஸ் ஈஜிப்டி செல்களுக்குள் ஒரு வைரஸைக் கண்டார்கள். டிங்கியின் தூரத்து உறவு. ஆனால் மனிதச் செல்லிலோ எலியிலோ அது வளரவே இல்லை. கொசுவுக்குள் மட்டும் வாழும் வைரஸ்! எலிக்குஞ்சு முறையில் அது ஒருபோதும் சிக்கியிருக்காது. கொசுச் செல் வளர்ப்பு பரவிய பிறகுதான் இப்படிப்பட்டவை வெளியே வந்தன. அதற்கு அடித்தளம் 1967இல் புனே வைரஸ் ஆய்வு நிலையத்தில் சிங் என்ற ஆய்வாளர் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுப்புழுவிலிருந்து உருவாக்கிய செல் வரிசை. அதன் வழி வந்த செல்களில்தான் உலகம் இன்றும் டிங்கியை வளர்க்கிறது.

பிறகு மரபுப்பொருளை நேரடியாகப் படிக்கும் கருவிகள் வந்தன. இன்று எலியும் வேண்டாம், செல்லும் வேண்டாம். கொசுவை அரைத்து அதற்குள் இருக்கும் ஆர்.என்.ஏ. அனைத்தையும் வாசித்துவிடுகிறார்கள். 2016இல் சீனாவில் 220க்கும் மேற்பட்ட முதுகெலும்பில்லா உயிரினங்களை இப்படிப் படித்தபோது 1,445 புதிய ஆர்.என்.ஏ. வைரஸ்கள் வந்து நின்றன. பழைய பட்டியலில் கொசு, உண்ணி முதலியவை பரப்பும் வைரஸ்கள் 500க்கு மேல். அவற்றில் மனிதரை நோயில் தள்ளுபவை 100 அல்லது சற்று அதிகம். புதிய பட்டியலுக்கு எல்லை தெரியவில்லை. பெரும்பாலானவை கொசுவுக்கே உரியவை. தாய்க் கொசுவிலிருந்து முட்டைக்குப் போகும், நம்மைத் தொடாது. ஒரே கொசுவில் பல வைரஸ்கள் சேர்ந்து குடியிருப்பதும் சாதாரணம். இன்னும் ஒரு படி மேலே போனால், பழைய வைரஸ்களின் துண்டுகள் கொசுவின் மரபணுவுக்குள்ளேயே பதிந்திருக்கின்றன. ஏடிஸ் ஈஜிப்டி அப்படிப் பதிந்த ஒரு துண்டை வைத்து அதே இனத்து வைரஸைத் தன் சூலகத்தில் அடக்கி வைக்கிறது என்று 2020இல் காட்டியிருக்கிறார்கள்.

"அப்படியென்றால் கடிக்கும்போது எல்லாமே நமக்குள் வந்துவிடுமா?" என்று அவள் அடுத்துக் கேட்டாள். வராது. நம் இரத்தத்தோடு கொசு குடித்த வைரஸ் முதலில் குடலின் சுவரைத் தொற்ற வேண்டும், அதைக் கடந்து உடலுக்குள் பரவ வேண்டும், கடைசியில் எச்சில் சுரப்பியை அடைய வேண்டும். டிங்கிக்கு இந்தப் பயணம் 8 முதல் 12 நாள் எடுக்கும். வழியெல்லாம் கொசுவின் தற்காப்பு வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் துண்டாக்கிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான வைரஸ்கள் குடலிலேயே செத்துப்போகும். அதனால்தான் ஊரில் உள்ள எல்லா நோயையும் கொசு பரப்புவதில்லை. கடந்து வருபவை நம் செல்லுக்குள்ளும் வளரத் தெரிந்தவையாக இருக்க வேண்டும். இரண்டு உடலிலும் வாழத் தெரிந்த வைரஸ் அரிது.

கொசுவுக்கு மட்டுமே உரியவற்றில் சில நமக்குப் பயன்படவும் தொடங்கியிருக்கின்றன. நெகேவ் பாலைவனத்துக் கொசுவில் கண்டு 2012இல் விவரித்த ஐலாத் வைரஸ் சிக்குன்குனியாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் மனிதச் செல்லில் பெருக முடியாது. அதன் மேல் சிக்குன்குனியாவின் வெளிப்புரதத்தைப் போர்த்தித் தடுப்பூசி செய்து விலங்குகளில் சோதித்திருக்கிறார்கள். நம் காட்டுக் கொசுக்களில் இப்படி என்னென்ன இருக்கின்றன என்பதை முழுமையாக யாரும் எண்ணி முடிக்கவில்லை.

நம் ஊரில் இன்றைக்கும் கொசுவேலை என்றால் மக்கள் கேட்பது புகை. புகை வண்டி வந்தால் திருப்தி, வராவிட்டால் சண்டை. புகை பறக்கும் கொசுவைக் கொல்லும். நீரில் கிடக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. 1975இன் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி வீட்டில் புழு இருந்தால் அபராதம் விதிக்கலாம். விதித்தும் இருக்கிறார்கள். ஆனாலும் 2019இல் நாட்டில் 130,101 பேருக்கு டிங்கி கண்டது, 182 பேர் இறந்தார்கள். வால்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏடிஸ் ஈஜிப்டிக்குள் செலுத்தி, அந்தக் கொசுக்களைச் சிலாங்கூரில் 2017 முதல் விட்டுப் பார்த்தார்கள். டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்தது என்று 2019இல் வெளியிட்டார்கள். எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. எங்கள் பெந்தோங் அருகே மனிதர் வசிக்காத காட்டில் 2010 டிசம்பரில் மரபணு மாற்றிய ஆண் கொசுக்கள் சுமார் 6,000 விடப்பட்டதும் இந்த வரிசையில் வருவதுதான். அப்போது ஊரில் எழுந்த அச்சத்துக்கு யாரும் பொறுமையாகப் பதில் சொல்லவில்லை. தமிழில் ஒரு பக்கம்கூட அச்சடித்துத் தரவில்லை. அது தவறு என்று இன்றும் நினைக்கிறேன்.

வால்பாக்கியா வேலை செய்யட்டும், மகிழ்ச்சி. ஆனால் அது ஈஜிப்டிக்கும் டிங்கிக்கும் ஆன மருந்து. கியூலெக்ஸில் என்ன சுற்றுகிறது, செம்பனைக் காட்டு அல்போபிக்டஸில் என்ன ஏறியிருக்கிறது என்பதைத் தொடர்ந்து பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். நோயாளி வந்த பிறகு கொசு பிடிப்பதுதான் இன்றைய வழக்கம். பெந்தோங் கடைவீடுகளிலும், 1955இன் கியூலெக்ஸ் ஆய்விலும், நோயாளி வருவதற்கு முன்பே பிடித்தார்கள்.

அதற்கு ஈடாக நம்மால் செய்ய முடிந்த ஒன்று உண்டு. பழைய தோட்டங்களில் தோட்டத்து ஆஸ்பத்திரிகள் இருந்தன. டிரெஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர் உட்கார்ந்து, யாருக்கு எத்தனை நாள் காய்ச்சல், மூட்டில் வலியா, உடலில் சிவப்புத் தடிப்பா, எந்த லயம் என்று பதிவேட்டில் எழுதுவார். மலேரியாவுக்காக எழுதியவைதான். ஆனால் காய்ச்சல் மலேரியா மருந்துக்கு இறங்காமல் போன பெயர்களும் அதில் இருக்கும். எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டு, எந்த மாதம் விளங்காத காய்ச்சல் கூட்டமாக வந்தது என்பதை அவற்றிலிருந்து எடுக்கலாம். தோட்டங்கள் கைமாறியபோது இவை குப்பைக்குப் போயின. ஒரு தோட்டத்தில் ஆஸ்பத்திரிக் கட்டடத்தை இடித்த அன்று பதிவேடுகள் தீயில் வெந்துகொண்டிருந்ததை நானே கண்டேன். கையில் கிடைத்த இரண்டை மட்டும் இழுத்து வந்தேன்.

காராக், பெந்தோங், மெந்தகாப், தெமர்லோ பக்கத்துத் தோட்டங்களில் பணியாற்றிய டிரெஸ்ஸர், கிராணி (எழுத்தர்), மருத்துவத் தாதி ஆகியோரின் குடும்பத்தார் இதைப் படித்தால், பரண்மேல் இருக்கும் பழைய காய்ச்சல் பதிவேடுகளைத் தூக்கிப் போடாதீர்கள். கரையான் அரித்திருந்தாலும், அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பெயர்களை மறைத்து, தேதியும் அறிகுறியும் மட்டும் படியெடுத்துக்கொண்டு, புத்தகத்தை அப்படியே உங்களிடம் திருப்பித் தந்துவிடுகிறேன். பேத்தி கணினியில் ஏற்ற ஒப்புக்கொண்டிருக்கிறாள்.